ஜோகன்னஸ்பர்க் – டர்பன்: எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் மிகப் பெரிய நகரம் ஜோகன்னஸ்பர்க். இந்தியப் பெருங்கடலின் கரையில், நாட்டின் மிகப் பரபரப்பான துறைமுகத்தைக் கொண்ட நகரம் டர்பன். இரண்டு ஊர்களிலும் தமிழ் வம்சாவளியினர் வாழ்கிறார்கள். உறவினர் வீட்டுத் திருமணம், காவடித் திருவிழா, வேலை, படிப்பு, சுற்றுலா என்று ஏதோ ஒரு காரணத்தால் இந்த வழியில் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன.

இரண்டு நகரங்களுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர்?

நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 500 கிலோமீட்டர். விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்தால் சுமார் 478 கிலோமீட்டர். காரில் போனால் என்-3 நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 570 கிலோமீட்டர். ரயில் பாதை வளைந்து நெளிந்து போவதால் 700 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் எண் சொல்கிறார்களே, எது சரி?

எல்லாமே சரிதான். அளக்கத் தொடங்கும் இடமும் முடிக்கும் இடமும் மாறுகின்றன, அவ்வளவே. ஜோகன்னஸ்பர்க்கின் முதன்மை விமான நிலையமான ஓ.ஆர். தாம்போ, நகரத்துக்குக் கிழக்கே கெம்ப்டன் பார்க்கில் இருக்கிறது. டர்பனின் கிங் ஷாகா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டர்பன் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தென்கிழக்கே உள்ள ஊர். ஆகவே இரண்டு விமான நிலையங்களும் ஒன்றை நோக்கி மற்றொன்று சற்று நகர்ந்து நிற்கின்றன என்று சொல்லலாம். நேர்கோட்டில் இருபது கிலோமீட்டருக்கு மேல் குறைவது அதனால்தான். அந்த இருபது கிலோமீட்டரையும் அதற்கு மேலும் நீங்கள் பிறகு டாக்ஸியில் கடக்க வேண்டியிருக்கும். பயணத் திட்டம் போடுகிறவர் இதை மறக்கக் கூடாது.

விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

டிக்கெட்டில் 1 மணி 5 நிமிடம் முதல் 1 மணி 15 நிமிடம் வரை போட்டிருப்பார்கள். விமானம் உண்மையில் வானில் இருப்பது 45 முதல் 55 நிமிடம்.

ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்குமே? 478 கிலோமீட்டருக்கு 35 நிமிடம்தானே ஆக வேண்டும்?

நல்ல கேள்வி. குறுகிய தூரப் பயணங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் பதில் இதற்குள் இருக்கிறது.

டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நிற்கும் கணம் வரையிலான நேரம். ஓ.ஆர். தாம்போ பெரிய நிலையம். ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போய், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருந்து எழும்புவதற்கே பத்து நிமிடத்துக்கு மேல் போய்விடும்.

எழும்பிய உடனே 800 கிலோமீட்டர் வேகம் வந்துவிடாது. பயணிகள் ஜெட் தன் முழு உயரத்தை எட்டுவதற்குள் 150 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. இறங்குவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவோ அதைவிடக் கூடுதலாகவோ தூரம் தேவை. 478 கிலோமீட்டரில் இவை இரண்டையும் கழித்துவிட்டால், விமானம் தன் முழு வேகத்தில் நேராகப் பறக்க எஞ்சுவது மிகச் சிறிய பகுதிதான். பணிப்பெண்கள் தண்ணீரும் காபியும் கொடுத்து முடிப்பதற்குள், இருக்கை பெல்ட் அணியச் சொல்லும் விளக்கு மறுபடி எரியும்.

இறங்கும்போதும் நேராக ஓடுபாதைக்கு வந்துவிட முடியாது. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அதை எதிர்கொண்டுதான் தரையிறங்க வேண்டும். அதற்காகச் சுற்றி வரும் தூரமும் சேரும். மொத்தக் கணக்கைப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு 400 கிலோமீட்டர் அளவுக்கு வந்து நிற்கும்.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றா?

சில நிமிட வித்தியாசம் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் மேல்வானில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் கூடும். ஆகவே டர்பனுக்குப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், ஜோகன்னஸ்பர்க்குக்குத் திரும்பும்போது சற்று எதிர்க்கும். கேப் டவுன் போன்ற நீண்ட வழித்தடத்தில் இந்த வித்தியாசத்தை நன்றாகவே உணரலாம். இங்கே பறக்கும் தூரம் குறைவு என்பதால் ஐந்து பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் வீட்டிலிருந்து வீட்டுக்குப் போய்ச் சேர மொத்தம் எவ்வளவு நேரம்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். 'ஒரு மணி நேரப் பயணம்' என்று கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குகிறவர்கள், கடைசியில் அரை நாள் போய்விட்டதே என்று திகைக்கிறார்கள். விமான நேரம் மொத்தப் பயணத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம்.

இரண்டு உதாரணங்களைப் பாருங்கள். முதலாமவர் ஜோகன்னஸ்பர்க்கின் தென்மேற்கே உள்ள லெனேஷியாவில் வசிக்கிறார். டர்பனின் தெற்குப் பகுதியிலுள்ள சாட்ஸ்வொர்த்துக்குப் போக வேண்டும். இரண்டுமே இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் பகுதிகள். லெனேஷியாவிலிருந்து விமான நிலையம் நகரத்தின் மறுபக்கம். காலை நெரிசலில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். விமானம் 1 மணி 10 நிமிடம். பெட்டி வந்து சேர்ந்து வெளியே வர அரை மணி. கிங் ஷாகாவிலிருந்து நகரத்தைக் கடந்து சாட்ஸ்வொர்த் போக முக்கால் மணி முதல் ஒரு மணி. கூட்டினால் ஐந்து மணி நேரம். அதே பயணத்தைக் காரில் போனால், நடுவே சாப்பாட்டுக்கு நின்றாலும் ஆறரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தை மிச்சப்படுத்த நான்கு பேர் கொண்ட குடும்பம் நான்கு விமான டிக்கெட்டும் இரண்டு முனைகளிலும் டாக்ஸியும் எடுப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இரண்டாமவர் ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டன் பகுதியில் தங்கியிருக்கிறார்; டர்பனுக்கு வடக்கே உம்லாங்காவில் ஒரு கூட்டத்துக்குப் போகிறார். கையில் ஒரு சிறு பை மட்டும். சாண்ட்டனிலிருந்து காவ்ட்ரெய்ன் ரயிலில் விமான நிலையத்துக்குக் கால் மணி நேரம்தான். உம்லாங்காவோ கிங் ஷாகாவிலிருந்து இருபது நிமிடத் தொலைவு. அவர் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார். அவருக்கு விமானமே சரி, காரைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஆக, முதலில் இரண்டு முனைகளிலும் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விமான நேரத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஜோகன்னஸ்பர்க்கில் இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றனவாமே?

ஆம். ஓ.ஆர். தாம்போதான் பெரியது; பன்னாட்டு விமானங்கள் அங்கேதான் வருகின்றன. இனவெறி ஆட்சிக்கு எதிராகப் பல்லாண்டு நாடு கடந்து நின்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸை நடத்திய ஆலிவர் தாம்போவின் பெயர் 2006-ல் இதற்குச் சூட்டப்பட்டது. மற்றொன்று வடமேற்கே உள்ள லான்சீரியா. அது சிறியது, நெரிசல் குறைவு. ரேண்ட்பர்க், ஃபோர்வேஸ் போன்ற வடபகுதிகளில் இருப்பவர்களுக்கு லான்சீரியா வசதி. ஆனால் காவ்ட்ரெய்ன் அங்கே போகாது. டிக்கெட் எடுக்கும்போது எந்த நிலையம் என்பதை இரண்டு முறை பார்த்துவிடுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரத்தைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும்.

டர்பனில் எங்கே இறங்குவோம்?

கிங் ஷாகா பன்னாட்டு விமான நிலையத்தில். உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன்பு, 2010 மே 1 அன்று திறக்கப்பட்டது. அதுவரை நகரத்துக்குத் தெற்கே இருந்த பழைய நிலையம் அன்றோடு பயணிகள் சேவையை நிறுத்திக்கொண்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு 'நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான்' என்று நம்பி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மூடப்பட்ட நிலையத்தின் கணக்கு.

புதிய நிலையம் லா மெர்சி என்னும் இடத்தில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கட்டப்பட்டது. இறங்கும்போது ஜன்னல் வழியே பச்சைப் பசேலென்று கரும்பு வயல்கள் தெரியும். தமிழர் ஒருவர் அந்தக் காட்சியைச் சும்மா பார்த்துக் கடந்துவிட முடியாது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. நெட்டால் பகுதிக்கு வந்த முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள்தான். இந்தக் கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத்தான் அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கொண்டுவரப்பட்டார்கள்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயில் கிடையாது. டாக்ஸி, செயலி வழியாக அழைக்கும் கார், ஷட்டில் வேன், வாடகைக் கார் ஆகியவற்றில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும்.

சென்னையிலிருந்து வருகிறோம். ஜோகன்னஸ்பர்க் வந்துதான் டர்பன் போக வேண்டுமா?

கட்டாயமில்லை. சென்னையிலிருந்து இரண்டு ஊர்களுக்குமே நேரடி விமானம் இல்லை. எப்படியும் நடுவில் ஓர் இடத்தில் மாற வேண்டும். துபாயிலிருந்து டர்பனுக்கு எமிரேட்ஸ் நேரடியாகப் பறக்கிறது. டர்பன் மட்டுமே போகிறவர்கள் அந்த வழியைப் பார்த்தால், ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி ஏறும் தொல்லை மிச்சம்.

ஜோகன்னஸ்பர்க் வழியாக வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். நாட்டுக்குள் நுழையும் முதல் நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனை முடிய வேண்டும். டர்பன் வரை பெட்டிக்குச் சீட்டு ஒட்டியிருந்தாலும் அதை அங்கே எடுத்து, சுங்கச் சோதனையைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். வரிசை நீண்டிருக்கும் காலை நேரங்களில் இதற்கே இரண்டு மணி நேரம் போகலாம். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டு எடுங்கள். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கியவர்கள் இன்னும் கூடுதலாக விட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு ஒன்றின் வழியாக வந்து, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால், தடுப்பூசிச் சான்றிதழும் கேட்பார்கள். ஆப்பிரிக்க நகரம் ஒன்றில் விமானம் மாறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நேர வித்தியாசம் உண்டா?

இரண்டு நகரங்களுக்கும் ஒரே நேரம். இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். ஆண்டு முழுவதும் இதே கணக்குதான்.

பெட்டி எவ்வளவு கொண்டுபோகலாம்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். குறைந்த கட்டண நிறுவனங்களின் அடிப்படை டிக்கெட்டில் கைப்பை மட்டுமே அடக்கம். பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். வெளிநாட்டு விமானத்தில் இரண்டு பெட்டி அனுமதி பெற்று வருகிறவர்கள் உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக வாங்கினால் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கூடுதல் பெட்டிக்கான கட்டணத்தை இணையத்தில் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். விமான நிலையத்தில் கட்டினால் கூடுதலாகும்.

காரில் போனால் வழி எப்படி?

என்-3 நெடுஞ்சாலை முழுவதும் நல்ல சாலை. இந்தியாவைப் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். வேக வரம்பு 120 கிலோமீட்டர். சுங்கச்சாவடிகள் பல உண்டு: டி ஹூக், வில்கே, டுகேலா, மூய் ரிவர், டர்பனை நெருங்கும்போது மரியன்ஹில். கட்டணம் ஆண்டுதோறும் மாறுவதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கை விட்டதும் ஹைடல்பர்க். பிறகு வில்லியர்ஸ் அருகே வால் ஆற்றைக் கடந்து ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துக்குள் நுழைவீர்கள். அங்கிருந்து வார்டன் வரை வழி ஒரே நேராகப் போகும். இருபுறமும் சோளக் காடும் புல்வெளியும். பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் ஓட்டுநருக்குத் தூக்கம் வரவழைக்கும் பகுதி இதுதான். ஹாரிஸ்மித்தில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டுப் போவது நல்லது.

ஹாரிஸ்மித்தைத் தாண்டியதும் வான் ரீனன் கணவாய். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் உள்ள பீடபூமியின் விளிம்பிலிருந்து சாலை க்வாஸுலு-நெட்டால் மாகாணத்துக்குள் இறங்கும். வலப்பக்கம் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் நீண்டு கிடக்கும். நிலமும் நிறமும் காற்றும் கண்முன்னே மாறுவதை விமானத்தில் போகிறவர் பார்க்க முடியாது. பிறகு எஸ்ட்கோர்ட், மூய் ரிவர், ஹோவிக், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக டர்பன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு முன்னும் பின்னும் செங்குத்தான இறக்கங்கள் உண்டு. சரக்கு லாரிகள் கியரைக் குறைத்து மெதுவாக இறங்கும் அந்த இடங்களில் பொறுமையாக இருங்கள்.

அந்தச் சாலை ஆபத்தானது என்கிறார்களே?

பகலில், அவசரமில்லாமல் போனால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மூன்றை மதிக்க வேண்டும்.

முதலாவது லாரிகள். டர்பன் துறைமுகத்துக்கும் ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள தொழிற்பகுதிக்கும் இடையே சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதி இந்த ஒரே சாலையில்தான் ஓடுகிறது. இரவில் அவற்றின் எண்ணிக்கை மிகுதி. இரண்டாவது, வான் ரீனன் பகுதியின் பனிமூட்டம். முன்னால் போகும் வண்டியின் விளக்குகூடத் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். மூன்றாவது பனிப்பொழிவு. ஆப்பிரிக்காவில் பனியா என்று கேட்காதீர்கள். 2024 செப்டம்பர் 20 இரவு தொடங்கிய கடும் பனிப்பொழிவில் வான் ரீனனைச் சுற்றி என்-3 மூடப்பட்டு, ஏராளமான வாகனங்கள் இரவெல்லாம் சாலையிலேயே சிக்கி நின்றன. குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் போகிறவர்கள் போர்வை, தண்ணீர், முழு டேங்க் எரிபொருள் ஆகியவற்றோடு போவது நல்லது.

இரவில் வெறிச்சோடிய இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டுமென்றால் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்துங்கள். டிசம்பர் நடுப்பகுதியிலும் ஈஸ்டர் விடுமுறையிலும் ஜோகன்னஸ்பர்க்கே கடற்கரைக்குக் கிளம்பி வருவதுபோல் சாலை நிரம்பும். அந்த நாட்களில் ஆறு மணி நேரம் எட்டாகலாம்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஹோவிக் அருகே பழைய ஆர்-103 சாலையில் நெல்சன் மண்டேலா கைது செய்யப்பட்ட இடத்துக்குப் போங்கள். 1962 ஆகஸ்ட் 5 அன்று, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் திரும்பும் வழியில், கார் ஓட்டுநர்போல் வேடமிட்டிருந்த அவரைக் காவல்துறை மடக்கியது. அன்று பறிபோன விடுதலை 27 ஆண்டுகளுக்குப் பிறகுதான் திரும்பியது. 2012-ல் அங்கே 50 எஃகுத் தூண்களைக் கொண்ட சிற்பம் ஒன்றை நிறுவினார்கள். குறிப்பிட்ட ஒரு புள்ளியில் நின்று பார்த்தால் மட்டும் அந்தத் தூண்கள் ஒன்றுசேர்ந்து மண்டேலாவின் முகமாகத் தெரியும். நெடுஞ்சாலையிலிருந்து சிறிது விலகினால் போதும்.

இன்னும் நேரம் இருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். காரணம் கீழே வருகிறது.

பஸ் உண்டா?

உண்டு. நீண்ட தூர சொகுசு பஸ்கள் பகலிலும் இரவிலும் ஓடுகின்றன. எட்டு மணி நேரம் அல்லது சற்று அதிகம். ஜோகன்னஸ்பர்க்கில் பார்க் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும். அந்தப் பகுதியில் கைப்பேசியையும் பையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இருட்டிய பிறகு தனியாக நடக்காதீர்கள். உள்ளூர் மக்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது மினிபஸ் டாக்ஸியை. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும் என்பதால் நேரத்தைச் சொல்ல முடியாது.

ரயில்?

சாதாரணப் பயணிகள் ரயிலை நம்பித் திட்டம் போட வேண்டாம். கடந்த சில ஆண்டுகளில் அந்தச் சேவை அடிக்கடி நின்றுபோயிருக்கிறது. ஓடினாலும் ஓர் இரவு முழுவதும் ஆகும்.

முற்காலத்தில் இந்தத் தூரத்தை எப்படிக் கடந்தார்கள்?

1893-ல் டர்பனிலிருந்து கிளம்பி ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேர ஒருவருக்கு நான்கு நாள் ஆனது. அவர் மோகன்தாஸ் காந்தி. பிரிட்டோரியாவில் ஒரு வழக்குக்காக முதல் வகுப்பு டிக்கெட்டுடன் டர்பனில் ரயிலேறிய அந்த இளம் வழக்கறிஞரை, ஜூன் 7 இரவு பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் நிறத்தின் பெயரால் இறக்கிவிட்டார்கள். குளிரில் நடுங்கியபடி காத்திருப்பு அறையில் இரவைக் கழித்து, மறுநாள் மாலை அடுத்த ரயிலில் ஏறினார். ரயில் பாதை எல்லையோரச் சார்ல்ஸ்டவுனோடு முடிந்துபோனது. அதற்கு மேல் குதிரை வண்டி. அதிலும் உள்ளே உட்கார விடவில்லை, அடியும் வாங்கினார். ஸ்டாண்டர்ட்டனில் ஓர் இரவு தங்கி, நான்காம் நாள் இரவு ஜோகன்னஸ்பர்க் சேர்ந்தார். அங்கே ஹோட்டலில் அறை கிடைக்கவில்லை. இரண்டு நகரங்களும் தண்டவாளத்தால் இணைந்தது 1895-ல்தான்.

தண்டவாளம் வந்தும் இந்தியர்களுக்கு வழி திறக்கவில்லை. டர்பன் அடங்கிய நெட்டாலில் வாழ்ந்த இந்தியர், ஜோகன்னஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வாலுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. மாகாணம் விட்டு மாகாணம் போக அனுமதி பெறும் நிலை 1975 வரை நீடித்தது. ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்கவே கூடாது என்ற 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடையோ 1980-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. இன்று என்-3 சாலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த மாகாணத்துக்குள்தான் போகிறது. நாம் நிறுத்திக் காபி குடிக்கும் ஹாரிஸ்மித்தில், ஒரு தலைமுறைக்கு முன்பு தமிழ்க் குடும்பம் ஒன்று வீடெடுத்து வாழ்ந்திருக்க முடியாது.

இந்த எல்லையை உடைக்கத்தான் 1913-ல் மக்கள் நடந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர் மீது போடப்பட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் தமிழர் பலர். அவர்களைத் தூண்டியெழுப்பியவர்களில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். நவம்பர் 6 அன்று, பெண்களும் குழந்தைகளுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஃபோக்ஸ்ரஸ்ட்டில் எல்லையைக் கடந்தார்கள். இன்றைய லெனேஷியாவுக்கு அருகில் காந்தி தொடங்கியிருந்த டால்ஸ்டாய் பண்ணையை நோக்கி நடந்தார்கள். போய்ச் சேர விடவில்லை. வழியில் மறித்து ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவருடைய கல்லறை ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் விமானத்துக்குக் காத்திருக்க அரை நாள் கிடைத்தால் அங்கே போய்வாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

எந்த நேரத்து விமானம் நல்லது?

அக்டோபர் முதல் மார்ச் வரை காலை விமானத்தையே எடுங்கள். கோடையில் ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிப் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை அடிக்கடி திரண்டு வரும். அப்போது மாலை விமானங்கள் வரிசையாகத் தாமதமாகும். குளிர்காலத்தில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருப்பதால் எந்த நேரமும் சரி.

டர்பனுக்குப் போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால், தெளிவான நாளில் தொலைவில் டிராக்கன்ஸ்பர்க் மலைகள் தெரியக்கூடும்.

ஜோகன்னஸ்பர்க்கின் உயரத்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

பொதுவாக ஒன்றும் ஆகாது. ஓ.ஆர். தாம்போ கடல் மட்டத்திலிருந்து 1,694 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது முதல் நாள் சற்று மூச்சு வாங்கலாம். நிறைய தண்ணீர் குடியுங்கள். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போகலாம்.

மெலிந்த காற்று நம்மைவிட விமானத்தைத்தான் அதிகம் படுத்துகிறது. காற்றின் அடர்த்தி அங்கே கடலோரத்தைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. இறக்கைக்குத் தாங்குதல் போதாது, என்ஜினுக்கு உந்துவிசை போதாது. ஆகவே விமானம் நெடுந்தூரம் ஓடித்தான் எழும்ப வேண்டும். அங்குள்ள ஓடுபாதை ஒன்று 4.4 கிலோமீட்டர் நீளம்.

இரண்டு ஊர்களுக்கும் எடுத்துப் போகும் உடைகள் மாறுவதற்கும் இதே உயரம்தான் காரணம். ஜூன், ஜூலை இரவுகளில் ஜோகன்னஸ்பர்க்கில் உறைநிலை அளவுக்குக் குளிரும்போது டர்பனில் மெல்லிய ஸ்வெட்டரே போதும்.

ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

விமானத்தில் முடியும், வேலைக்காகப் போகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். காலை முதல் விமானங்களில் ஒன்றைப் பிடித்தால் ஒன்பது மணிக்குள் டர்பனில் இருக்கலாம். மாலை கடைசி விமானங்களில் திரும்பலாம். காரில் ஒரே நாளில் போய்வர நினைக்கவே வேண்டாம். 1,140 கிலோமீட்டரை ஒருவரே ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை வேறு. ஜோகன்னஸ்பர்க்கில் வாடகைக் கார் எடுத்து, காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பகல் வெளிச்சத்தில் வான் ரீனன் கணவாயில் இறங்கி, ஹோவிக்கிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் நின்று, மாலைக்குள் டர்பன் சேருங்கள். காரைக் கிங் ஷாகாவில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது விமானத்தில் வாருங்கள். ஓர் ஊரில் எடுத்து மற்றோர் ஊரில் விடுவதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். முன்பதிவு செய்யும்போதே அது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.